கணினிக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
சனிக்கிழமை.

என்றும் அன்புக்குரிய தம்பி சசிகரனுக்கு,

அக்கா இரத்தினேஸ்வரி எழுதிக்கொள்வது. பத்திரகாளி அம்மன் அருளால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போனது. எழுதினால் அம்மனுக்கே பொறுக்காது என்பதால் உயிரோடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் உன் மனைவி சுதர்ஷினியும் பிள்ளைகளும் ரொறன்ரோக் குளிரில் காலுறை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். நான் அனுப்புகிற குரல் செய்திகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகச் சுதர்ஷினியே வாய்தவறிச் சொன்னாள். கடிதத்தை அப்படி ஓடவிட ஏலாது. ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

விஷயம் உனக்குத் தெரியும். நம்முடைய குடும்பக் குழுவில் நீ போட்ட வசனம்தான். "அக்கா சந்தனம் வைச்சு மருமோன்ர வேலையைக் கவிட்டுப்போட்டா." அதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன. நோர்வேயில் இருக்கிற, என் முழுப்பெயரே தெரியாத பெறாமகள்கூட ஒரு முகம் போட்டிருக்கிறாள். நான் அதைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. எனக்குப் பதில் இல்லை என்று நீங்கள் எல்லோரும் நினைத்திருப்பீர்கள். பதில் இருக்கிறது, ஆனால் அது கைப்பேசியில் அடங்காது.

நீ மறந்துபோனது போல நடிப்பதால் முதலில் இருந்தே எழுதுகிறேன். என் மகன் ரிஷிகேசன் கணினிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது நீதான் கொழும்பில் உன் சிநேகிதன் இராகுலன் ஒரு கொம்பனியில் பெரிய ஆளாக இருக்கிறான் என்றும், அவர்கள் வைக்கிற சோதினையில் தேறினால் வீட்டில் இருந்தபடியே வேலை செய்யலாம் என்றும் சொன்னாய். அந்த வாயாலேயே, தேறாவிட்டால் டோஹாவில் ஒரு சுப்பர்மார்க்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், விசாவை நான் பார்க்கிறேன் என்றும் சொன்னாய். நீ இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொன்னாய். எனக்கு அவை ஒரே மாதிரியாகக் கேட்கவில்லை. எனக்கு இருப்பது ஒரு பிள்ளை. அவன் இந்த வீட்டில் இருக்க வேண்டும், நான் சமைத்ததைச் சாப்பிட வேண்டும், நான் சாகும்போது விமான ரிக்கற் தேடிக்கொண்டு நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை, இதை ஒளித்து எழுத வெட்கமும் இல்லை. ஆகவே அந்தச் சோதினையை நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் அதைக் கெடுத்தேன் என்று சொல்கிறாயே, உனக்கு நாக்குக் கூசவில்லையா?

சோதினையில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மாதக்கணக்காக அவன் குசினி வாசலில் இருந்துதான் பழகினான், அறைக்குள் வெக்கை தாங்காது. "அம்மா, கன எண்கள் ஒரு வரிசையில நிக்குது. நான் ஒரு எண்ணைச் சொன்னா, அது எத்தினையாவது இடத்தில நிக்குதெண்டு கணினி சொல்லோணும். இப்ப உங்கட போத்தல் தட்டில உப்பு எத்தினையாவது எண்டு கேக்கிற மாதிரி" என்றான்.

"பாத்தாத் தெரியாதோ?" என்றேன்.

"கணினிக்குக் கண்ணில்லை அம்மா. முதல் போத்தலைத் திறந்து பாக்கும், உப்போ எண்டு கேக்கும், மூடும். பிறகு அடுத்தது."

"அப்ப அது உன்ர அப்பாதான்" என்றேன். பிள்ளை சிரித்தான். அவன் சிரித்து நான் கண்ட கடைசித் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து உன் அத்தான் உள்ளே வந்தார். அவர் துறைமுகத்து ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வுபெற்றுவிட்டார். ஸ்டோர்ஸ் இன்னும் அவரிடம் இருந்து ஓய்வுபெறவில்லை. ஆணி, சுரை, சங்கிலி எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க அளவுப்படி அடுக்கிய மனிதர் இப்போது என் வீட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார். "இதுக்கேன் மண்டையை உடைக்கிறாய்? முதல்ல அடுக்கு, பிறகு தேடு" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அதை விளக்கிக் காட்டுவதற்காக என்னுடைய போத்தல்கள் அத்தனையையும் சின்னதில் இருந்து பெரிதாக அடுக்கிவைத்தார். கல்யாணம் கட்டி வந்த நாளில் இருந்து உப்பு நின்ற இடம் அடுப்புக்கு வலது பக்கம். அன்று என் கை பழக்கத்தில் வலது பக்கம் போனது, சூடைமீன் குழம்புக்குச் சீனி விழுந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு, "குழம்பில என்ன இண்டைக்கு ஒரு ருசி" என்றார். இந்த மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

ஆனால் பிள்ளை அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "அப்பா சொல்லுறது பிழையில்லை. அடுக்கி வைச்சா நேர நடுவில திறந்து பாத்திட்டு, தேவையில்லாத பாதியை அப்பிடியே விட்டிடலாம். கெதியாக் கண்டுபிடிக்கலாம்" என்றான். அவ்வளவுதான், உன் அத்தான் மலர்ந்துபோனார். அடுத்த நாள் காலை கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டவர் பிறகு அதை எடுக்கவே இல்லை. லப்டொப்பை எங்கே அமத்தித் திறப்பது என்று தெரியாத மனிதர், பிள்ளை எந்தக் கணக்கை எடுத்தாலும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அடுக்கினியோ?" என்று கேட்பார். வரிசையில் ஆகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னாலும், "அடுக்கு, கடைசியில நிக்கிறதுதான் பெரிசு" என்பார். ஒரே எண் இரண்டு தடவை வருகிறதா என்று கேட்டாலும், "அடுக்கு, பக்கத்தில பக்கத்தில வந்து நிக்கும்" என்பார். சில கணக்குக்கு அடுக்கவே தேவையில்லை என்று பிள்ளை ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "ஒழுங்கில்லாத இடத்தில அறிவு நிக்காது" என்று ஒரு பிரசங்கம் நடந்தது, மத்தியானச் சோறு ஆறியது. அதற்குப் பிறகு பிள்ளை எல்லாவற்றுக்கும் "ஓம் அப்பா" என்று சொல்லப் பழகிவிட்டான். ஒன்று மட்டும் எழுதாமல் விட்டால் எனக்குப் பாவம். உன் அத்தான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் கனகாலமாகக் காணவில்லை. விடிய எழும்பிச் சவரம் செய்து, மடித்த சாரம் கட்டி, கந்தோருக்குப் போகிறவர் போலத்தான் அந்தக் கதிரைக்கு வருவார்.

சோதினையை எந்த நேரத்தில் வைத்தார்கள் தெரியுமா? வெள்ளிக்கிழமை பத்தரைக்கு. வெள்ளிக்கிழமை பத்தரையில் இருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம் என்று தெரியாமல் ஒரு கொம்பனி எப்படி நடக்கிறது? கொஞ்சம் முன்னே வைக்கச் சொல்லி இராகுலனிடம் கேள் என்று உனக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அதையும் நீ ஓடவிட்டுத்தான் கேட்டிருப்பாய். சரி, நேரம் கெட்டது, நாமாவது ஒழுங்காக அனுப்பிவைப்போம் என்று விடிய முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய்த் திருநீறும் சந்தனமும் வாங்கி வந்தேன். வீடு மயானம் போல அமைதியாக இருக்க வேண்டும் என்றார்கள். மீன்காரனுக்குத் தெரு வளைவுக்கே போய்க் கூவவேண்டாம் என்று சொல்லிவைத்தேன். வளவுக்குள் ஒரு மான் வந்து என் செவ்வரத்தைச் செடியை மொட்டையடித்தது, துரத்தினால் சத்தம் கேட்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். இதையெல்லாம் குழுவில் யாரும் போடவில்லை.

இப்போது நீ நீதியாக யோசி. நம் வீட்டில் சோதினைக்குப் போகிற பிள்ளைக்கு எப்போது திருநீறு பூசுவோம்? செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலில் நின்று "போயிட்டு வாறன் அம்மா" என்று சொல்லும்போது. உனக்கும் அப்படித்தான் நான் பூசி அனுப்பினேன். இந்தச் சோதினைக்குப் பிள்ளை எங்கே போனான்? எங்கேயும் போகவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நான் தட்டோடு வாசலில் நிற்கிறேன், "போயிட்டு வாறன்" வரும் வரும் என்று நிற்கிறேன், அது வரவே இல்லை. உள்ளே லப்டொப் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் சோதினை தொடங்கிவிட்டது என்று விளங்கியது. ஒருத்தரும் உள்ளே வரக்கூடாது என்று பிள்ளை சொன்னவன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ராகுகாலத்தில், வெறும் நெற்றியோடு, என் பிள்ளை! எந்தத் தாய் வெளியில் நிற்பாள்?

ஆகவே போனேன். சத்தம் போடாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். திருநீற்றைப் பூசினேன். கொஞ்சம் லப்டொப்பின் எழுத்துக் கட்டைகளில் கொட்டுப்பட்டது, அதை ஊதிவிட்டேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் வேலை செய்யப்போவது பிள்ளை மட்டுமா, அந்தப் பெட்டியும்தானே? வாணி விழாவுக்கு அரிவாள்மணைக்கே சந்தனம் வைக்கிற நாங்கள் அதை மட்டும் எப்படி விடுவது? கணினிக்கு நெற்றி எது என்று பார்த்தேன். மேல் விளிம்பில் நேர் நடுவில், பொட்டுக்கு என்றே விட்டுவைத்தது போல ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. அதன் மேல் வைத்தேன். அதுதான் கமரா என்று எனக்கு யார் சொன்னார்கள்?

உடனே பெட்டிக்குள் இருந்து ஒரு பொம்பிளைக் குரல் இங்கிலீசில் கத்தியது, திரை முழுக்கச் சிவப்பாக எழுத்து வந்தது. யாரோ மேடம் உள்ளே இருந்து பார்க்கிறாள் என்று நினைத்து, "குறை நினைக்காதைங்கோ பிள்ளை, அஞ்சு நிமிஷம்" என்று நான் சிரித்தேன். இப்போது உன்னுடைய பங்குக்கு வருகிறேன் சசிகரன், கவனமாக வாசி. அதே நேரம் என் இடுப்பில் இருந்த கைப்பேசியில் வீடியோவில் கூப்பிட்டது யார்? சத்தத்தை நிறுத்தத் தெரியாமல் நான் அமத்த, "அக்கா, மருமோனைக் காட்டுங்கோ! டேய் மருமோன், பயப்பிடாதை, மாமா இருக்கிறன்!" என்று ஓர்ஸ் ஹில் அதிரக் கத்தியது யார்? உன் குரலைக் கேட்டு ஏதோ நடந்துவிட்டது என்று ஓடிவந்து கதவில் நின்று, "அடுக்கினியோடா? முதல்ல அடுக்கு!" என்று கத்தியது உன் அத்தான். ஒரு ஆள் இருக்கவேண்டிய அறையில் அந்த நேரம் இத்தனை பேரின் குரல் இருந்தது. அதில் சத்தமே போடாமல் வந்தவள் நான் ஒருத்திதான். பழியும் எனக்கு ஒருத்திக்குத்தான்.

பிள்ளை சேட்டு நுனியால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, எங்களைத் திரும்பியும் பாராமல் தொடர்ந்து எழுதினான். வெளியே வந்தபோது, "அந்த எண் தேடுற கேள்விதானோ வந்தது?" என்று உன் அத்தான் கேட்டார். "ஓம் அப்பா. அடுக்கினனான்" என்றான். அவர் பார்வையாலேயே என்னை ஒரு தட்டுக் கீழே இறக்கிவைத்தார். சில நாள் கழித்துத்தான் பிள்ளை சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, "வேலை இல்லையாம் அம்மா. சந்தனத்தில கமரா மறைஞ்சுபோச்சு. கள்ளம் செய்தனாங்கள் எண்டு தள்ளிப்போட்டினம்" என்றான். அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டும் முடித்தான். எனக்குத்தான் இறங்கவில்லை.

அன்றில் இருந்து உன் அத்தான் என்னோடு கதைப்பதில்லை. சுவரில் தொங்கும் கலண்டரோடு கதைக்கிறார். "தேத்தண்ணி வேணுமெண்டு சொல்லு" என்று அதற்குச் சொல்கிறார். நானும் அதற்கு முன்னாலேயே தேத்தண்ணியை வைத்துவிட்டு வருகிறேன். சந்தனக் கிண்ணத்தை அலுமாரியின் உச்சித் தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் அடுக்கிவிட்டார். கோயிலில் ஐயர் எனக்குச் சந்தனம் தரும்போது, "பாத்து வையுங்கோ அம்மா" என்கிறார். அவருக்கு யார் சொன்னது? உன்னுடைய குழுவில் அவருடைய மருமகளும் இருக்கிறாளாம். நான் சிரிப்புக்காக எழுதவில்லை தம்பி. கோயிலுக்குப் போகவே மனம் வருகுதில்லை. என் கையால் என் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்து நான் எத்தனை நாள் குசினிக்குள் இருந்து அழுதேன் என்பது அந்த மஞ்சள் முகங்களுக்குத் தெரியாது.

நேற்று ஒரு விஷயம் தெரியவந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டுப் பஹ்மியா ரீச்சரின் மகள் ஆதிலா அதே கொம்பனியில்தான் வேலை செய்கிறாள். வேலிக்கு மேலால் ரீச்சரிடம் கேட்டேன். "முதல் தரம் நான் வீட்டில நிண்டனான் அக்கா, நூறு தரம் எட்டிப் பாத்திருப்பன். பிள்ளை பிழைவிட்டுட்டா. ரெண்டாந் தரம் எழுதக் குடுத்தாங்க. அப்ப நான் கேற்றை வெளியால பூட்டிப்போட்டு மார்க்கட்டுக்குப் போயிட்டன்" என்றார். ஆகவே அந்தக் கொம்பனியில் இரண்டாம் தரம் என்று ஒன்று இருக்கிறது. பிழைவிட்ட பிள்ளைக்கே குடுத்தார்கள் என்றால், சரியாக எழுதிய பிள்ளைக்கு, தாய் செய்ததற்காக இல்லை என்பது என்ன நியாயம்? நீ இராகுலனோடு கதை. தாய்க்குத் தலை கொஞ்சம் சுகமில்லை என்று சொல்லவேண்டி வந்தாலும் சொல்லு, நான் கோபிக்கமாட்டேன். இனி ஒரு தரம் கேட்டார்கள் என்றால் நானும் கேற்றைப் பூட்டிவிட்டு, உன் அத்தானையும் இழுத்துக்கொண்டு சாம்பல்தீவுக்குப் போய் இருந்துவிடுகிறேன். அதுவரை டோஹா விசாவைத் தொடாதே. குழுவில், அக்காவில் பிழையில்லை, நானும் அத்தானும்கூடக் கத்தினோம் என்று உன் கையாலேயே போடு. சிரித்தவர்கள் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அவர்களுக்குச் சோதினை வரும்போது நீ அறைப் பக்கமே போகாதே. சுதர்ஷினிக்கு நான் விசாரித்ததாகச் சொல்லு. அம்மன் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், நேரம் மிஞ்சினால் எங்களையும் திரும்பிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பழி சுமந்து நிற்கும் உன் அக்கா,
சோ. இரத்தினேஸ்வரி

பி.கு.: உறையில் உன் விலாசத்தை இங்கிலீசில் எழுதித் தரச்சொல்லி இதை ரிஷியிடம் கொடுத்தேன். அவன் விலாசத்தை எழுதாமல், நின்றபடியே முழுவதையும் வாசித்துவிட்டான். பிறகு குசினிக் கதவைச் சாத்தினான்.

"அம்மா, இதை அனுப்பாதைங்கோ. சந்தனத்துக்கு அவங்கள் ஒண்டும் செய்யேல்லை. ஒரு எச்சரிக்கைதான். துடைச்சதோட அது முடிஞ்சுது."

"அப்ப ஏன் வேலை இல்லை?"

"விடை பிழை. அவங்கள் கேட்டது அந்த எண் முதல்ல நிண்ட இடம். அப்பா சொன்ன மாதிரி அடுக்கிப்போட்டுத் தேடினா எல்லாம் இடம் மாறிப்போகும். எங்கட உப்புப் போத்தல் மாதிரித்தான்."

"அது உனக்குத் தெரியாமப் போச்சோ ராசா?"

"தெரியும். அடுக்கிற அந்த ஒரு வரியை அழிச்சாச் சரி. நேரமும் இருந்தது. நான் அழிக்கேல்லை."

ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமலேயே சொன்னான். "அழிச்சா வேலை கிடைச்சிருக்கும் அம்மா. கிடைச்சா இந்த வீட்டிலதான், அப்பான்ர கதிரைக்குப் பக்கத்திலதான். திரும்ப எழுதச் சொல்லியும் அவங்கள் கேட்டவங்கள். நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். எனக்குப் போகோணும். உங்கட சந்தனமெண்டு சொன்னா ஒருத்தரும் மேல கேள்வி கேக்க மாட்டினம் எண்டு நினைச்சன். நீங்கள் தாங்குவியள். அப்பா தாங்க மாட்டார்."

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கன்னத்தில் அறையத்தான் கை போனது. அந்த நேரம் கூடத்தில் உன் அத்தான் லப்டொப்பைத் துணியால் துடைத்து மூடி வைத்துக்கொண்டு, கதிரையை அதற்குப் பக்கத்தில் நேராக்கிவிட்டு, "இன்னொரு தரம் சோதினை வைச்சா நானே வாசல்ல நிப்பனெண்டு சொல்லு" என்று கலண்டருக்குச் சொல்வது கேட்டது. கை இறங்கிவிட்டது.

ஆகவே தம்பி, மேலே கேட்டது ஒன்றையும் செய்யாதே. இராகுலனோடு கதைக்காதே. விசாவைப் பார். குழுவில் நீ போட்டது அப்படியே இருக்கட்டும், அத்தான் கேட்டாலும் அக்காவின் சந்தனம்தான் என்று சொல்லு. பிள்ளை தன் விருப்பத்தில் போகிறான் என்று இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தது போதும். இந்தக் கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, நான் கெடுக்கவில்லை என்று உலகத்தில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். வாசித்துவிட்டு நீ கிழித்துவிடு. டோஹாவில் அவர்கள் கொடுக்கிற அறையில் சமைக்க விடுவார்களா என்று விசாரித்து, இதை அவனுக்குச் சொல்லாமல், எனக்கு மட்டும் எழுது.